நகம் இல்லாத கை

மே 11, ஞாயிற்றுக்கிழமை.

இன்று நான் செய்த தப்பு: ஒன்று. அம்மா பரிசாகக் கொடுப்பதற்காகத் தைத்த கையுறை ஜோடியில் ஒன்றை மட்டும் திருப்பிவிட்டு, மற்றொன்றைத் திருப்பாமலே பையில் வைத்துவிட்டேன்.

இன்று மற்றவர்கள் செய்ததாகத் தெரியவந்த தப்பு: மூன்று. என்னைப் ‘பாப்பா’ என்று கூப்பிட்டதையும் சேர்த்தால் நான்கு. அதையெல்லாம் எழுத இந்தப் பக்கம் போதாது.

இவ்வளவும் எழுதிவிட்டுப் பட்டியல் பேனாவைக் கீழே வைத்தாள்.

பட்டியல் என்பது வீட்டில் அவளைக் கூப்பிடும் பெயர். பள்ளிக்கூடப் பையில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி, அந்தச் சீட்டையும் பைக்குள்ளேயே வைத்திருக்கிற பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவது? வயது பதினொன்று முடிந்து நான்கு மாதம். திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் கிட்டார் வகுப்புக்குப் போகிறாள். தினமும் படுக்கப் போகும் முன் நோட்டில் எழுதுவாள். முதலில் தன் தப்பு, அப்புறம் மற்றது. தப்பு எதுவும் நினைவுக்கு வராத நாளில், ‘எதையோ மறந்திருக்கிறேன்’ என்று எழுதுவாள்.

எழுதுவது இடது கையால். எழுத எழுத, கை அந்த ஈர மையின் மேலேயே நகர்ந்து போகும். அதனால் அவளுடைய இடது உள்ளங்கையின் ஓரம் எப்போதும் நீலமாகவே இருக்கும்.

அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் வேறொரு பட்டியல் இருந்தது. யாருக்கும் காட்டாத பட்டியல்.

என் கையை மாற்றியவர்கள்:
1. முதல் வகுப்பு மிஸ் (பென்சில்).
2. பெரியம்மா (கரண்டி).
3. கத்தரிக்கோலைக் கண்டுபிடித்தவர். பெயர் தெரியவில்லை.
4. மாஸ்டர் (கிட்டார்).

நான்காவது ஆளான மாஸ்டர் கெட்டவர் இல்லை. மாலை வகுப்பில் மொத்தம் ஐந்து கிட்டார்கள். ஐந்தும் வலது கைக்காரர்களுக்கானவை. முதல் நாளே அவள், தனக்கு இடது கைதான் வரும் என்று சொல்லிப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே கிட்டாரை அவள் மடியில் மாற்றி வைத்து, “எல்லாம் பழக்கம்தான் குட்டி” என்றார். எட்டு மாதம் ஆகியும் பழக்கம் வரவில்லை. வலது கையால் தந்தியை மீட்டும்போது, யாரோ வேறொருவருடைய கையைக் கடன் வாங்கி வந்ததுபோல இருந்தது.

வீட்டில் மட்டும் கதை வேறு. துடைப்பத்தைக் கிட்டார்போலப் பிடித்து, வலது கை விரல்களால் அழுத்தி, இடது கையால் மீட்டுவாள். ஒரு பிசகு இருக்காது. துடைப்பத்தில் சத்தம் வராது என்பதுதான் ஒரே குறை.

ஜூன் பதினைந்தாம் தேதி வகுப்பின் ஆண்டு விழா. எல்லோரும் சேர்ந்து வாசிக்கும் பாட்டின் நடுவில், இருபது வினாடிக்கு ஒரே ஒரு கிட்டார் மட்டும் தனியாக ஒலிக்கும். அந்த இருபது வினாடியை மாஸ்டர் அவளுக்குக் கொடுத்திருந்தார், தாளத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்பதால். ஆனால் விரல்களும் ஒத்துழைக்க வேண்டுமே! இதே தடுமாற்றம் நீடித்தால் அது முன்வரிசைப் பையனுக்குப் போய்விடும்.

கடைகளில் அவள் உயரத்துக்கு ஏற்ற இடது கைக் கிட்டார் கிடைக்கவில்லை. ஒரு கடைக்காரர், வலது கைக் கிட்டாரையே தலைகீழாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். ஒரு வாரம் விசாரித்து, கிட்டார்க்கார அக்காவைக் கண்டுபிடித்தாள்.

அந்த அக்கா தனி ஆளாகப் பட்டறை வைத்து, ஆர்டர் கொடுப்பவரின் கைக்கும் உடம்புக்கும் ஏற்றபடி எலக்ட்ரிக் கிட்டார் செய்பவர். வருடத்துக்கு ஒன்பது கிட்டார்தான் செய்வார். ஒரு படிவம் கொடுத்தார். அதை நிரப்பி அனுப்பி ஏழு மாதம் ஆகிவிட்டது. இரண்டு வருடப் பிறந்தநாளுக்கும் சேர்த்து அதுதான் பரிசு என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

இன்று காலை அம்மாவும் அவளும் போனது அந்தப் பட்டறைக்குத்தான்.

சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேலே, இரும்புப் படிக்கட்டு ஏறிப் போக வேண்டும். இரண்டு அறை. ஒன்றில் மரத்தூள், மற்றொன்றில் ஒயரும் அதைப் பற்றவைக்கும் ஈயமும். கூரையில் கொக்கிகள். கொக்கிகளில் கழுத்தில்லாத கிட்டார் உடம்புகள் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதனதன் ஆர்டர் படிவம், துணி காயப்போடும் கிளிப்பில் மாட்டியிருந்தது.

அக்கா பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தார். ஒன்று அவர் காதில் இருந்தது. இன்னொன்று தலைமுடிக்குள் இருந்தது. மூன்றாவதைத்தான் தேடினார்.

“வா பாப்பா. அந்த ஸ்டூல்ல உக்காரு. மடியில வச்சுப் பாரு.”

பாப்பா. பதினொன்று முடிந்து நான்கு மாதம் ஆனவளைப் பார்த்துப் பாப்பா. பட்டியல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. மரத்தை வெறும் உடம்பாக அறுத்து இழைத்ததும், ஆர்டர் கொடுத்தவர் நேரில் வந்து மடியில் வைத்துப் பார்க்க வேண்டும். சரி என்று அவர் சொன்ன பிறகுதான் அக்கா அதில் குழி வெட்டுவார், ஓட்டை போடுவார், வர்ணம் பூசுவார்.

தேன் நிற மரம். இன்னும் கழுத்து பொருத்தவில்லை. கழுத்து வரப்போகும் இடத்தில் பென்சிலால் ஒரு கட்டம் மட்டும் போட்டிருந்தது. அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில், ஒரு பக்கம் மட்டும் மரத்தை வளைவாக வெட்டி எடுத்திருந்தார் அக்கா. விரல் கீழே வரைக்கும் போய்த் தந்தியை அழுத்துவதற்கான வெட்டு அது. மடியில் வைக்கும்போது அது அடிப்பக்கம் இருக்க வேண்டும்.

பட்டியல் கழுத்துப் பக்கத்தை வலது புறமாக வைத்தாள். துடைப்பத்தைப் பிடிப்பதுபோலவே. அந்த வெட்டு மேலே வந்தது.

தான்தான் தப்பாகப் பிடித்திருக்கிறோம் என்று நினைத்தாள். எடுத்துத் திரும்ப வைத்தாள். மறுபடியும் மேலே. கழுத்தை இடது புறமாக மாற்றி வைத்ததும், வெட்டு சொன்ன பேச்சுக் கேட்டதுபோல அடிப்பக்கம் போய் உட்கார்ந்தது. மரத்தின் முதுகில், வாசிப்பவரின் வயிற்றுக்காகக் குடைந்திருந்த பள்ளமும் அவள் விலா எலும்பில் கச்சிதமாகப் பொருந்தியது.

“பாத்தியா? அளவெடுத்த சட்டை மாதிரி இருக்கு” என்றார் அக்கா.

அது வலது கைக்காரர்களின் கிட்டார்.

மழை பெய்தால்கூட, நாம்தான் துணி காயப்போட்டு மழையை வரவழைத்துவிட்டோமோ என்று யோசிக்கிற பெண் அவள். படிவத்தில் தப்பாக எழுதிவிட்டேனோ? அம்மா கேட்டபோது தூக்கத்தில் பதில் சொன்னேனோ? கடைசியில், தன் படிவத்தைப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

அக்கா கிளிப்பைக் கழற்றிக் கொடுத்தார்.

வாசிக்கும் கை: வலது, இடது. ‘இடது’ என்பதற்குப் பக்கத்தில் ஒரு நீல டிக். அவள் போட்ட டிக்தான். மை ஓரமாக இழுபட்டிருந்தது. அதன் மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. ‘வலது’ என்பதற்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு புது டிக். கீழே சின்னதாக, ‘மாஸ்டரைக் கேட்டாச்சு.’

பட்டியலின் காது இரண்டும் சூடாயின. தப்பு அவளுடையது இல்லை. அவள் சரியாகத்தான் எழுதியிருந்தாள். அதை யாரோ அடித்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, ஆள் எதிரிலேயே காதில் பென்சிலோடு நிற்கிறார்.

“இதை அடிச்சது யாரு?”

“நான்தான். ஏன்?”

“நான் இடதுன்னுதானே போட்டிருக்கேன்.”

அக்கா பதறவில்லை. நிதானமாக விளக்கினார். படிவத்தின் பின்பக்கத்தில், கழுத்தைப் பிடிக்கும் கையை வைத்து வரையச் சொல்லியிருக்கிறது. கழுத்தின் பருமனைத் தீர்மானிக்க அது வேண்டும். அங்கே வரைந்திருப்பது இடது கை. இடது கையால் கழுத்தைப் பிடிப்பவர் வலது கையால்தானே மீட்ட முடியும்? ஆகவே முன்பக்கம் ஒன்று சொல்கிறது, பின்பக்கம் வேறொன்று சொல்கிறது. குழந்தைகளுக்கு இடது வலது குழம்புவது சகஜம். அதனால் சந்தேகம் வந்து, படிவத்தில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தார். அது மாலை வகுப்பின் எண். அம்மா வேலை செய்யும் கையுறைப் பட்டறையில் வேலை நேரத்தில் கைப்பேசியை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால் அம்மா அந்த எண்ணை எழுதியிருந்தாள். மாஸ்டர்தான் எடுத்தார். அவள் வகுப்பில் வலது கையால்தான் மீட்டுகிறாள் என்று சொன்னார். விஷயம் முடிந்தது.

“வகுப்புல வேற கிட்டாரே கிடையாது” என்றாள் பட்டியல். “கடையில ஒரே அளவு செருப்புதான் இருக்குன்னா, எல்லாருக்கும் அதுதான் அளவுன்னு சொல்லுவீங்களா?”

“கொஞ்சம் மெதுவாப் பேசும்மா” என்றாள் அம்மா.

“மெதுவாத்தாம்மா பேசுறேன். நீங்க மாஸ்டரைக் கேட்டீங்க, மாஸ்டர் பதில் சொன்னாரு. கை என்னோடது. என்னை யாருமே கேக்கலை.”

அக்கா இப்போது மரத்தையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் இறங்கியது. புது மரம் வாங்கி, ஒட்டி, காயவைத்து, அறுத்து இழைக்க ஜூலை ஆகிவிடும் என்றார். விழா ஜூனில். அம்மா கையைப் பிசைந்தாள். பிறகு அக்கா தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார்.

“இல்லைன்னா இதையே முடிச்சுத் தரவா? சின்னப் பொண்ணுதானே. பழகிடும்.”

பழகிடும். முதல் வகுப்பு மிஸ் சொன்னது. பெரியம்மா சொன்னது. மாஸ்டர் வாரத்துக்கு மூன்று முறை சொல்வது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இவளுக்குக் கைக்கே எட்டவில்லை.

பட்டியல் ஸ்டூலை விட்டு எழுந்தாள். மரத்தைக் கீழே போடவில்லை, பத்திரமாக மேசை மேல் வைத்தாள். அப்புறம்தான் பேசினாள்.

“எனக்குப் பழகிடும், எனக்குப் பழகிடும்னு எல்லாரும் சொல்றீங்க. எனக்கு இடது கைங்கிறது உங்க ஒருத்தருக்காவது பழகிச்சா?”

கீழே சைக்கிள் கடையில் யாரோ மணியை அடித்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா பைக்குள் கையை விட்டாள். அம்மாவுக்குச் சங்கடம் வந்தால் யாருக்காவது எதையாவது கொடுக்க வேண்டும். மரம் அறுக்கிற கைக்கு இருக்கட்டும் என்று தானே வெட்டித் தைத்த தோல் கையுறை ஜோடியை எடுத்து நீட்டினாள்.

அக்கா ஒன்றை வலது கையில் மாட்டினார். சரியாக இருந்தது. மற்றதை இடது கையில் மாட்டப் பார்த்தார். கட்டை விரல் போக வேண்டிய இடத்தில் சுண்டு விரல் நின்றது.

“ரெண்டும் ஒரே கைக்கு இருக்கே?”

அம்மா விறைத்துப்போனாள். இருபது வருடத்தில் எத்தனை ஆயிரம் கையுறைகள் வெட்டியிருப்பாள்! அவளைப் பார்த்து இப்படி ஒரு கேள்வியா? வெடுக்கென்று வாங்கிப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

“ஒன்னைத் திருப்பவே இல்லையேடி.”

கையுறையை உள்பக்கம் வெளியே தெரியும்படி வைத்துத்தான் தைப்பார்கள். தைத்து முடித்ததும் ஒவ்வொரு விரலாகத் திருப்ப வேண்டும். திருப்பும் வேலையை நேற்று அம்மா மகளிடம் கொடுத்திருந்தாள். திருப்பாத இடது கையுறை, பார்வைக்கு அச்சு அசல் வலது கையுறை மாதிரியே இருக்கும்.

இவ்வளவு பேசிவிட்டுத் தானும் ஒரு தப்போடு அகப்பட்டுக்கொண்டோமே என்று பட்டியலுக்கு வெட்கமாகப் போயிற்று. நோட்டில் எழுத வேண்டியது என்று மனதில் குறித்துக்கொண்டாள். குறித்துக்கொண்டே அந்தக் கையுறையைப் பார்த்தாள். பிறகு படிவத்தின் பின்பக்கத்தைப் பார்த்தாள். பென்சில் கோட்டில் ஒரு கை. ஐந்து விரல். அவ்வளவுதான்.

“அம்மா, அன்னிக்கு என் கையை எப்படி வச்சு வரைஞ்சே?”

“எப்பவும் வரையற மாதிரிதான்” என்று அம்மா காட்டினாள். மகளின் வலது கையை எடுத்து, உள்ளங்கை மேலே தெரியும்படி மல்லாத்தி மேசையில் வைத்தாள். “தோலோட உள்பக்கத்துலதானே கோடு போடுவோம். அதனால கையை மல்லாத்தி…”

பாதியிலேயே அம்மா நிறுத்திவிட்டாள். மெல்லத் தன் நெற்றியில் தட்டிக்கொண்டாள்.

அக்கா தன் இடது கையைக் கவிழ்த்து அந்தப் படத்தின் மேல் வைத்தார். பெரிதாக இருந்தாலும் விரலுக்கு விரல் பொருந்தியது. கையை எடுத்தார். பட்டியல் தன் வலது கையை மல்லாத்தி அதே படத்தில் வைத்தாள். அதுவும் பொருந்தியது. கோட்டுக்குக் கோடு.

“இந்தக் கைக்கு நகம் இல்லை” என்றாள் பட்டியல். “நகம் வரைஞ்சிருந்தா கவுத்த கை. இல்லைன்னா மல்லாத்தின கை. வெறும் கோட்டுக்கு எது முதுகு, எது உள்ளங்கைன்னு தெரியாது.”

அக்காவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்ததுபோல இருந்தது. அப்படியென்றால் தப்பு தன்னுடையது மட்டும் இல்லை. அவர் அதைச் சொல்வதற்குள் பட்டியலே சொன்னாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் கணக்கில் குளறுபடி அவளுக்குப் பிடிக்காது.

“கையை மல்லாத்தி வரைஞ்சது எங்க தப்பு. அது நியாயம். ஆனா கோடு அடிச்சது உங்க தப்பு. என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தா, ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பேன்.”

அக்கா தரையிலேயே உட்கார்ந்தார். கையில் பசை காய்ந்து தோலாக உரிந்திருந்தது. முதுகிலிருக்கும் அந்தப் பள்ளத்தை மட்டும் ஒன்பது நாள் குடைந்ததாக, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். பட்டியலின் கோபம் போகவில்லை. ஆனால் கோபத்துக்குப் பக்கத்தில் வேறு ஏதோ ஒன்றும் வந்து, கொஞ்சம் நகரச் சொல்லி உட்கார்ந்துகொண்டது.

முதலில் தன் தப்பைச் சரி செய்வோம் என்று கையுறையை எடுத்தாள். திருப்பும் குச்சி இல்லை. அக்காவின் தலைமுடியிலிருந்த பென்சிலைக் கேட்டு வாங்கினாள். மொட்டைப் பக்கத்தால் ஒவ்வொரு விரலாக உள்ளே தள்ளி, மறுபக்கம் இழுத்தாள். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். வலது கையாகத் தெரிந்தது கொஞ்சம் கொஞ்சமாக இடது கையாக மாறிக்கொண்டிருந்தது.

சுண்டு விரலில் நின்றாள்.

கையுறையை வைத்துவிட்டு மேசைக்குப் போனாள். மரத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கழுத்துப் பக்கம் வலது புறம். அந்த வெட்டு மேலே. அப்படியே மரத்தை, கையுறையைத் திருப்புவதுபோல, முதுகு முன்னால் வரும்படி புரட்டினாள். வெட்டு அடிப்பக்கம் போயிற்று.

“அதை நானும் நினைச்சேன்” என்றார் அக்கா, தரையில் இருந்தபடியே. “முதுகுல குடையாம இருந்திருந்தா திருப்பிப் போட்டிருக்கலாம். இப்ப அந்தப் பள்ளம் முன்னாடி வந்துடுச்சே. மத்தவங்க எப்படியோ, நான் செய்ற கிட்டாருக்கு முன்பக்கம் தட்டையாத்தான் இருக்கும். அது என்னோட கையெழுத்து மாதிரி.”

“என் கையெழுத்தை மட்டும் நீங்க அடிச்சீங்க” என்றாள் பட்டியல்.



பட்டியல் தன் இடது கையை மரத்தின் மேல் போட்டாள், தந்தியை மீட்டுவதற்குப் போடுவதுபோல. வயிற்றுக்காகக் குடைந்த பள்ளம் இப்போது முன்பக்கம், மேல் ஓரத்தில் இருந்தது. அவளுடைய முன்கை அந்தப் பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. விளிம்பு குத்தவில்லை. மணிக்கட்டு தொங்கவில்லை. வகுப்புக் கிட்டாரில் எட்டு மாதமாகக் கையில் விழுந்த சிவப்புக் கோட்டுக்கு இங்கே இடமே இல்லை.

“அக்கா, கொஞ்சம் எழுந்து பாருங்க.”

அக்கா எழுந்து வந்தார். குனிந்து பார்த்தார். முழங்கையை லேசாக அழுத்தினார். இந்தப் பக்கம் நின்று பார்த்தார், அந்தப் பக்கம் நின்று பார்த்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்து, அவள் கையைச் சுற்றி மரத்தில் ஒரு கோடு போட்டார்.

“இங்க ஒரு விரக்கடை இழைக்கணும். வயிறு இருக்கிற பக்கம் புதுசா ஒரு பள்ளம் குடையணும். சின்னதாப் போதும்.” பிறகு தனக்குத்தானே முணுமுணுத்தார். “கழுத்து இன்னும் சீவலை. முன்னாடி குழியும் வெட்டலை.” விரல் விட்டு எண்ணினார். “மூணு வாரம். ஜூன் ஒன்னாம் தேதி வந்து வாங்கிக்க.”

அம்மா பெருமூச்சு விட்டாள். பட்டியல் விடவில்லை. அவள் இன்னும் அந்தச் சிவப்புக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்காவும் அதைப் பார்த்தார். மேசை இழுப்பறையைத் திறந்து அந்தச் சிவப்புப் பென்சிலை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“உன்னைத்தான் கேட்டிருக்கணும்.”

“ஆமா” என்றாள் பட்டியல். பென்சிலை இடது கையில் வாங்கினாள். சிவப்பு டிக்கை அடித்தாள். ‘இடது’ என்பதற்குப் பக்கத்தில், தன் பழைய டிக்குக்கு அருகில், கொஞ்சம் பெரிதாகவே இன்னொரு டிக் போட்டாள். படிவத்தைத் திருப்பி, பின்பக்கத்துக் கையில் பெரிதாக ‘வலது கை, உள்ளங்கை’ என்று எழுதினாள்.

இனி வருகிறவர்களுக்கும் இதே படிவத்தைத்தான் கொடுப்பீர்களா என்று கேட்டாள். அக்கா தலையாட்டினார். அப்படியானால் ஒன்றிரண்டு திருத்தம் வேண்டும் என்றாள். வெறும் படிவம் ஒன்றைக் கேட்டு வாங்கினாள். ‘வாசிக்கும் கை’ என்றிருந்ததை அடித்துவிட்டு, ‘தந்தியை மீட்டும் கை’ என்று எழுதினாள். கையை வரையும் இடத்தில், ‘கையைக் கவிழ்த்து வைத்து வரையவும். நகங்களையும் வரையவும்’ என்று எழுதினாள். கடைசியில் ஒரு வரி இடம் இருந்தது. அதில் எழுதினாள்: ‘சந்தேகம் வந்தால், வாசிக்கப் போகிறவரையே கேட்கவும்.’

அக்கா ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

“வேற ஏதாவது இருக்கா, பாப்பா?”

“ஒன்னு இருக்கு. பாப்பான்னு கூப்பிடாதீங்க.”

“வேற எப்படிக் கூப்பிடுறது?”

“வீட்டுல பட்டியல்னு கூப்பிடுவோம்” என்றாள் அம்மா.

அக்கா கையிலிருந்த படிவத்தை இன்னொரு தடவை மேலிருந்து கீழே பார்த்தார். “கேட்டிருக்கவே வேண்டாம்” என்றார்.

அம்மா சுண்டு விரலைத் திருப்பி முடித்துக் கையுறையைக் கொடுத்தாள். அக்கா இரண்டையும் மாட்டிக்கொண்டு விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். அம்மாவின் முகத்தில் அப்போதுதான் ரத்தம் திரும்பியது. படிக்கட்டில் இறங்கும்போது அம்மா மெதுவான குரலில், “நானும் உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இதுலயே நீ பழகிடுவேன்னு நானும்தான் மனசுல நினைச்சேன்” என்றாள். பட்டியல் யோசித்துப் பார்த்தாள். வாயால் சொல்லாததைப் பட்டியலில் சேர்க்க வேண்டியதில்லை என்று முடிவு செய்தாள்.

இதுதான் இன்று நடந்தது. எல்லாவற்றையும் எழுதி முடித்தபோது ஐந்து பக்கம் ஆகியிருந்தது. உள்ளங்கை ஓரம் முழுக்க நீலம்.

கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். நான்காவது பெயருக்குக் கீழே எழுதினாள்.

5. கிட்டார்க்கார அக்கா (டிக்).

எழுதியதும் அதை அடித்துவிடலாமா என்று பேனாவைக் கொண்டுபோனாள். வேண்டாம். நடந்தது நடந்ததுதான். பக்கத்தில் மட்டும் சேர்த்தாள்: ‘திருப்பிப் போட்டாச்சு.’

பிறகு நான்காவது பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் முன்னால் நின்று பேசுவதை நினைத்துப் பார்த்தாள். சொல்லும்போது குரல் நடுங்கினால்? அவர் சிரித்துவிட்டால்? நாம் சொல்வதுதான் தப்போ? இல்லை. இதை இன்றைக்கே பார்த்தாயிற்று. தப்பு இல்லை.

முன்பக்கத்துக்குத் திரும்பி வந்து, கடைசி வரியை எழுதினாள்.

நாளைய வேலை: துடைப்பத்தில் அரை மணி நேரம் பயிற்சி. வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் போவது. என் கையைப் பற்றி யாராவது போனில் கேட்டால், போனை என்னிடம் கொடுக்கும்படி மாஸ்டரிடம் சொல்வது.